நால்வர் ஆசனமும் ஐவர் குடும்பமும்

குடும்பப் பகுதியிலே மோட்டார்க் காரைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் வினவக்கூடும். அதிலும் நாம் எழுதப் புகுவது சிக்கனமான சிறிய காரைப் பற்றியன்று. நான்கு கதவும் பெரிய டிக்கியும் உடைய குடும்பச் சலூன் போலத் தோன்றி, வேண்டும்போது பந்தயக் கார் போலப் பாயும் விலையுயர்ந்த வண்டிகளைப் பற்றியது. எமது நாட்டிலே 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீளத் திறந்துவிடப்பட்டது. வரியைக் கேட்டாலே பலருக்குத் தலை சுற்றும். இத்தகைய வண்டிகளை எம்மவர் கண்ணால் காண்பதே அரிது. எனினும் ஒரு குடும்பம் ஒரு பொருளை வாங்குமுன் எவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்தது என்பது காருக்கு மட்டும் உரிய சங்கதியன்று என்பதால் இதனை எழுதத் துணிந்தோம்.

எமது தமக்கையாரின் மகன் ஜேர்மனியில் ஸ்ருட்காட் நகரில் வசிப்பவர். 1986 ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், கிழக்கு பேர்லின் வழியாக அந்நாட்டுக்குச் சென்றவர். 1991 இல் ஒரு ஹோட்டலின் சமையற்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நாட்களில், அந்த ஹோட்டலின் வாசலிலே ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் வந்து நின்றதாம். அதே உருவத்துப் பென்ஸ் வண்டிகள் அந்நகரில் வாடகைக் கார்களாக ஏராளமாக ஓடின. ஆதலால் முதலில் அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அது புறப்பட்டபோது எழுந்த ஓசை வேறாக இருந்தது. சில்லுகளுக்கு மேலுள்ள மட்கார்டுகள் சற்றே புடைத்திருந்தன. பின்புறத்தில் 500 ஈ என்று எழுதியிருந்தது. அன்று தொடங்கிய ஆசை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரை விட்டு அகலவில்லை.

அந்த வண்டியின் வரலாறு சுவையானது. 1990 ஆம் ஆண்டு பாரிஸ் மோட்டார்க் காட்சியில் அறிமுகமான 500 ஈ, பென்ஸ் நிறுவனத்தாருக்காகப் போர்ஷே நிறுவனத்தார் உருவாக்கிப் பூட்டிக் கொடுத்த வண்டியாகும். எட்டுச் சிலிண்டர் கொண்ட ஐந்து லீற்றர் இயந்திரத்தைப் பொருத்துவதற்காக உடலைப் பக்கவாட்டில் அகலப்படுத்தியதில், சிண்டெல்ஃபிங்கன் தொழிற்சாலையின் வழமையான பூட்டும் வரிசையில் அது அடங்காமற் போயிற்று. போர்ஷேயாருக்கோ அக்காலத்தில் வியாபாரம் மந்தமாயிருந்தது. சுஃபன்ஹவுசனில் இடமும் ஆட்களும் இருந்தார்கள். ஆகவே சிண்டெல்ஃபிங்கனிலிருந்து பாகங்கள் சுஃபன்ஹவுசனுக்குச் சென்று உடலாகும். அவ்வுடல் வர்ணம் பூசுவதற்குத் திரும்பி வரும். பூசியபின் இயந்திரம் பூட்டுவதற்கு மறுபடியும் போகும். இறுதிப் பரிசோதனைக்கு மீண்டும் திரும்பும். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் தூரத்திலும் குறைவே. ஆயினும் ஒரு வண்டி முடிவதற்குப் பதினெட்டு நாட்கள் சென்றனவாம். 1995 வரையில் 10,479 வண்டிகள் மட்டுமே செய்யப்பட்டன.

அதற்கு எதிரியாக நின்றது மியூனிக் நகரத்தாரின் எம்-5. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தார் 1985 இல் முதலாவது எம்-5 ஐ வெளியிட்டனர். எமது மருமகன் விரும்பியது 1988 இல் வந்த இரண்டாவது தலைமுறை வண்டி. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் அதன் இயந்திரம், 1978 ஆம் ஆண்டின் எம்-1 என்னும் பந்தயக் காரின் இயந்திர வழியிலே வந்தது. மியூனிக்கை அடுத்த கார்ஷிங்கில் பெரும்பாலும் கைவேலையாகவே அதனைப் பூட்டினார்கள். அதுவும் பார்வைக்கு அடக்கமான வண்டி. அயலவர் கண்டால் ஒரு கணக்காளரின் கார் என்றே நினைப்பர்.

இவ்வகை வண்டிகளை உலகத்துக்குக் காட்டியவர்கள் இவர்களே என்று கொள்ளலாகாது. 1959 இல் வந்த ஜாகுவார் மார்க்-2, 3.8 லீற்றர் இயந்திரத்தோடு மணிக்கு 125 மைல் வேகம் போயிற்று. இங்கிலாந்திலே திருடரும் அதனை விரும்பினர், பொலிஸாரும் விரும்பினர். 1968 இல் பென்ஸ் நிறுவனத்தாரே பெரிய லிமோசின் இயந்திரத்தைத் தமது சலூன் ஒன்றில் இறக்கி 300 எஸ்.ஈ.எல். 6.3 என்று பெயரிட்டு விற்றனர். மருமகனின் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது லோட்டஸ் நிறுவனத்தார் திருத்தியமைத்த ஓப்பல் ஒமேகா. 377 குதிரைவலு, மணிக்கு 283 கிலோமீற்றர். மற்ற ஜேர்மன் நிறுவனத்தார் தாமாகவே 250 இல் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்ட காலத்தில் இது கட்டற்று ஓடிற்று. இங்கிலாந்தில் அதே வண்டி வொக்ஸ்ஹோல் கார்ல்டன் என்ற பெயரில் விற்கப்பட்டது. 1993 நவம்பரில் அங்கே ஒன்றைத் திருடிச் சென்றவர்கள் அதைக்கொண்டு கடைகளை உடைத்துக் கொள்ளையிட, பொலிஸ் வண்டி எதுவும் அதனை எட்டிப் பிடிக்க முடியவில்லை. இரண்டு பெயரிலும் சேர்த்து 950 வண்டிகளே செய்யப்பட்டன. இக்கதையைக் கேட்ட எமது தமக்கையார், "கள்ளர் ஓடின கார் எங்களுக்கு ஏன்?" என்றார். அந்தப் பெயர் அன்றே வெட்டப்பட்டது.

இனி, குடும்ப நிலையைச் சொல்லியாக வேண்டும். மருமகனும் மனைவியும் முப்பது ஆண்டுகளாக வேலை செய்து சேர்த்த பணத்தில், வீட்டுக் கடன் போக மிஞ்சியது முதுமைக்கென்று ஒதுக்கி வைத்த ஒரு தொகைதான். கடந்த ஆண்டு மருமகனின் இருதயக் குழாயொன்று அடைபட்டு, அதைத் திறந்து சிறு வலைக்குழாய் பொருத்தினார்கள். ஆஸ்பத்திரியால் வந்தபின்னர், "இனியும் எந்தக் காலத்துக்கு வைத்திருப்பது?" என்று அவர் கேட்டாராம். மனைவி மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். இரண்டு வண்டிகளையும் வீட்டிலுள்ள எல்லாரும் ஏறிப் பார்க்க வேண்டும். வாங்குவதை எல்லாரும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். நியாயமான நிபந்தனை என்றே எமக்குப் பட்டது. அக்கோடையில் நாம் அங்கே விருந்தாளியாகத் தங்கியிருந்தமையால் எமக்கும் ஒரு வாக்கு அளிக்கப்பட்டது.

ஏட்டுக் கணக்கில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 500 ஈ க்கு 326 குதிரைவலு. நாம் பார்த்த 1990 ஆம் ஆண்டு எம்-5 க்கு 315. நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீற்றர் வேகத்தை முன்னது 6.1 விநாடியிலும் பின்னது 6.3 விநாடியிலும் எட்டும் என்று செய்தவர்கள் சொன்னார்கள். இரண்டும் 250 இல் நிற்கும். இரண்டும் ஏறத்தாழ 1,700 கிலோகிராம் நிறை. ஏட்டை மட்டும் பார்ப்பவன் நாணயத்தைச் சுண்டித்தான் வாங்க வேண்டும்.

வேற்றுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. பௌதிகம் படிக்கும் மாணவருக்காக இதைச் சற்று விரித்துரைக்கிறோம். பென்ஸின் முறுக்கு விசை 480 நியூற்றன் மீற்றர். அது நிமிடத்துக்கு 3,900 சுற்றிலேயே கிடைத்துவிடும். எம்-5 இன் முறுக்கு விசை 360 தான்; அதுவும் 4,750 சுற்றில். ஆனால் எம்-5 ஏழாயிரம் சுற்று வரையில் சளைக்காமற் சுழலும். முறுக்கு விசையைச் சுற்றும் வேகத்தால் பெருக்க வருவதே வலு. எமது ஊர்த் தோட்டங்களில் துலாவால் இறைத்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பெரிய பட்டையை ஆறுதலாக இழுக்கிறான். இன்னொருவன் சிறிய பட்டையை விரைவாக இழுக்கிறான். மணிக்கணக்கில் பாய்ந்த தண்ணீர் ஒன்றாயிருக்கலாம். ஆனால் துலா மிதித்தவனைக் கேட்டால் இரண்டும் ஒன்றென்று சொல்லான்.

500 ஈ யை முதலிற் பார்த்தோம். வைத்திருந்தவர் ஒரு பல் வைத்தியர். பராமரிப்புப் புத்தகம் முதல் நாளிலிருந்து முத்திரை குத்தப்பட்டு இருந்தது. பழைய காரை வாங்குபவர் கட்டாயம் பார்க்க வேண்டியவற்றை மருமகன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருப்பவரிடம் ஏதோ மறைப்பு இருக்கலாம். வர்ணத்தின் தடிப்பை அளக்கும் சிறு கருவியைக் கதவுகளின்மேல் வைத்துப் பார்த்தார். ஜாக்கி பொருத்தும் இடங்களிற் கறள் இருக்கிறதா என்று நிலத்திற் படுத்துப் பார்த்தார். 1990 களின் முற்பகுதியில் வந்த பென்ஸ் இயந்திரங்களின் மின்கம்பிக் கற்றை, நாளடைவில் உறை பொடிந்து உதிரும் என்பது அவ்வண்டிகளை அறிந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. வைத்தியர் அதனை மாற்றியதற்கு ரசீதும் வைத்திருந்தார்.

பின்னர் ஸ்ருட்காட்டிலிருந்து தெற்கே சிங்கன் நோக்கிச் செல்லும் ஏ-81 நெடுஞ்சாலையில் ஓட்டினோம். அச்சாலையிலே வேகக் கட்டுப்பாடில்லாத பகுதிகள் உண்டு. மருமகன் ஓட்ட, தமக்கையாரும் நாமும் பின்னால் அமர்ந்திருந்தோம். காட்டி 180 ஐக் கடந்தபோது தமக்கையார், "எண்பதிலோ போறம்?" என்று கேட்டார். அவ்வளவு அமைதி. கியர் தானாக மாறுவது, மாறுவதே தெரியாது. திரும்பி வரும்போது மருமகனின் மனைவி ஓட்டினார். அவர் நாற்பது வயதுக்குப் பின்னரே சாரதி அனுமதிப் பத்திரம் பெற்றவர். தானியங்கிக் கியர் வண்டியில் பரீட்சை எழுதியதால், கைக்கியர் வண்டி ஓட்டும் அனுமதி அவருக்கு இல்லை. அந்நாட்டிலே அவ்வனுமதிப் பத்திரத்தில் 78 என்ற இலக்கமொன்றைப் பொறித்துவிடுவார்கள். வண்டியை நிறுத்தி இறங்கியபோது அவருடைய முகத்திலிருந்த மலர்ச்சியை நாம் எல்லாரும் கண்டோம். காரியம் முடிந்தது என்றே எண்ணினோம்.

அப்பொழுதுதான் பதினைந்து வயது மகன், "நாங்கள் எப்படி இருக்கிறது?" என்று கேட்டான். 500 ஈ நால்வர் அமரும் வண்டி. பின்னால் நீண்ட ஆசனம் இல்லை. தனித்தனியாகச் செதுக்கிய இரண்டு இருக்கைகளும், அவற்றுக்கிடையே சாமான் வைக்கும் ஒரு சிறு பெட்டியுமே உண்டு. குடும்பத்தில் ஐந்து பேர்: மருமகன், மனைவி, பத்தொன்பது வயது மகள், மகன், எமது தமக்கையார். விலை, மின்கம்பி, கறள் எல்லாவற்றையும் ஆராய்ந்த வீட்டில் ஆசனத்தை எண்ணியவன் கடைக்குட்டிதான்.

மகள் உடனே, தான் சர்வகலாசாலைக்குப் போகப் போவதாகவும், ரயிலில் வந்து போவதாகவும் சொன்னாள். தமக்கையார், "நான் வீட்டில் இருப்பன், எனக்கென்ன?" என்றார். இந்த இரண்டு மறுமொழிகளும் எந்த வீட்டிலும் இப்படித்தான் வரும். ஆனால் அக்குடும்பம் ஆண்டுதோறும் ஐவராகச் சேர்ந்து போகும் பயணம் ஒன்று உண்டு. ஹம் நகரத்தில் 2002 இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த்திருவிழாவே அது. ஸ்ருட்காட்டிலிருந்து 400 கிலோமீற்றருக்கு மேல். ஐரோப்பாவில் வாழும் எம்மவர் ஆயிரக்கணக்கிற் கூடும் திருவிழா. தமக்கையார் ஊரவர் முகங்களை ஒன்றாகக் காண்பது அந்த ஒரு நாளில்தான். இருதயத்தில் வலைக்குழாய் வைத்த மனிதர் அவ்வளவு தூரத்தைத் தனியே ஓட்டலாகாது என்பது மனைவியின் உறுதி. ஆகவே மனைவியும் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும்; மாமியாரும் ஏறக்கூடிய வண்டி வேண்டும்.

அடுத்த கிழமை எம்-5 ஐப் பார்க்கப் போனோம். ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவருடைய வண்டி. வால்வு இடைவெளியை உரிய காலத்தில் அளந்து சரிசெய்யாவிட்டால் இவ்வியந்திரம் பெருஞ் செலவு வைக்கும். அவரோ ஒவ்வொரு முறையும் அளந்த அளவைக் கையால் எழுதி வைத்திருந்தார். பின்னால் மூவர் அமரும் நீண்ட ஆசனம். ஆனால் கைக்கியர் மட்டுமே. அந்தத் தலைமுறை எம்-5 க்குத் தானியங்கிக் கியர் செய்யப்படவே இல்லை. ஒரு வண்டியில் இருந்தது மற்றதில் இல்லை.

இவ்விடத்தில் எமது அத்தானைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவர் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஒஸ்ரின் ஏ-40 வாடகைக் கார் ஓட்டியவர். 1,200 சீ.சீ. இயந்திரம், நாற்பதைச் சற்றுக் கடந்த குதிரைவலு, ஸ்டியரிங் தண்டிலே கியர்த் தடி. 1990 இற்குப் பின்னர் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார். அழுத்த விகிதம் குறைந்த அப்பழைய இயந்திரங்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. நாம் பார்த்த இவ்விரு வண்டிகளும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் உயிரை விட்டுவிடும். அக்காலத்தில் அத்தானுக்குப் பக்கத்தில் அமர்ந்து ஆஸ்பத்திரிக்கும் உறவினர் வீடுகளுக்கும் போன தமக்கையாருக்கு இயந்திரத்தின் ஓசை காதோடு பழகிய பாஷை.

எம்-5 இன் பின்னாசனத்தில் ஏறி அமர்ந்து ஐந்து நிமிடம் செல்லவில்லை. ஏற்றமொன்றில் மருமகன் நான்காம் கியரிலேயே இழுக்கப் பார்த்தார். "தம்பி, திணறுது, மூண்டுக்குப் போ" என்றார் பின்னாலிருந்து. மருமகன் மூன்றுக்கு மாற்றினார். சுற்று ஏறி, ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் எழுந்தன. எஞ்சினியர் முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தார்; அந்த வெண்ணிறச் சேலை அம்மையார் யாரென்று அவருக்கு விளங்கவில்லை. திரும்பி வந்ததும் தமக்கையார் சொன்னதாவது: "மற்றது நல்லது. ஆனால் அது கதைக்கேல்லை."

நாம் எமது வாக்கைப் பென்ஸுக்கே அளித்தோம் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. நெடும்பயணத்துக்கு அதைவிடச் சிறந்த வண்டியை நாம் கண்டதில்லை. சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தாழாத அமைப்பும், 18 நாட்கள் இரு தொழிற்சாலைகளில் நடந்த கைவேலையும் அதற்கு உண்டு. பணத்தைப் போட்டு வைக்கும் பொருளென்று பார்த்தாலும் எண்ணிக்கை குறைந்த அதுவே மேல். இரண்டும் முப்பது வயதைக் கடந்தவையாகையால், அந்நாட்டுச் சட்டப்படி பழம்பெரும் வண்டிக்குரிய இலக்கத் தகடு பெற்று, ஆண்டுக்கு 191 யூரோ 73 சதம் வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் வேறுபாடில்லை.

ஆனால் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் தீர்ப்பைச் சொன்னவர் மருமகனின் மனைவி. "ஆசனம் ஒன்றைக் கூட்ட என்னால் முடியாது. கியர் பழக முடியும்" என்றார். அந்த 78 ஆம் இலக்கத்தை நீக்குவதற்குக் கைக்கியர் வண்டியில் செய்முறைப் பரீட்சை ஒன்றுக்குத் தோற்றினாற் போதும். மருமகன் நெடுநேரம் பேசவில்லை. முப்பத்து நான்கு ஆண்டு ஆசை அது. மறுநாட் காலையில் அவரே பல் வைத்தியருக்குத் தொலைபேசியில் நன்றி சொல்லிவிட்டு, எஞ்சினியரிடம் முற்பணம் கட்டப் புறப்பட்டார். போகும் வழியில் சுஃபன்ஹவுசன் வீதியாற் சுற்றிக்கொண்டு போனார் என்பதைப் பக்கத்திலிருந்த நாம் கவனித்தோம், ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்ருட்காட் குன்றுகளால் சூழப்பட்ட கிண்ணம் போன்ற நகரம். கிளச் பழகுபவருக்கு அதனினும் பொல்லாத இடம் கிடையாது. நாம் ஊர் திரும்பிய பின்னர், முதலாவது பாடத்திலேயே ஏற்றமொன்றில் மூன்று தரம் இயந்திரம் நின்றுவிட்டதென்றும், பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள் என்றும் மருமகனின் மனைவி தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்திலிருந்த தமக்கையாரின் குரலும் எமக்குத் தெளிவாகக் கேட்டது: "கிளச்சை மெல்ல விடு பிள்ளை. வண்டி கேட்டால்தான் விடவேணும்."